வீடும் மனையும்: கரோல் புயலுக்குப் பின் எழுந்த வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: மொரிசியசின் ஃப்ளாக் மாவட்டத்தில், கடலுக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில் என் தந்தை 1964ஆம் ஆண்டு கட்டிய வீடு, அம்மாவின் மறைவுக்குப் பிறகு எனக்கும் என் அண்ணனுக்குமாக வந்து சேர்ந்திருக்கிறது. பதினெட்டு பெர்ச் மனை. தட்டையான கான்கிரீட் கூரை, வாசலுக்கு மேலே தூண் இல்லாமல் நீண்டு நிற்கும் தளம், வராங்கின் (வராந்தாவின்) ஓரத்தில் துளைக்கல் ஜாலிச் சுவர், எல்லா அறைகளிலும் கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் நாக்கோ சன்னல்கள், சிவப்புச் சிமெண்டுத் தரை. ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கூரையின் அடிப்பக்கத்தில் சில இடங்களில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிறது. விற்பனைக்காகப் பார்க்க வந்த தரகர், "நவீனபாணிக் கிராம வீடு, புதுப்பிக்க வாய்ப்புள்ளது" என்று விளம்பரம் எழுதிக் காட்டினார். அண்ணன் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இந்த வீட்டுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா, அல்லது அப்பா கட்டியது என்ற பாசம் மட்டும்தானா?
— ஒரு வாசகி, கியூர்பீப்

பதில்: அன்புச் சகோதரி, வணக்கம். பாசத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வீட்டுக்கு மதிப்பு உண்டு என்பதே என் கருத்து. அந்த மதிப்பு எதில் இருக்கிறது, எது அதை அரித்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், இடிப்பதா புதுப்பிப்பதா என்று நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேசுவது எளிதாகிவிடும்.

உங்கள் தந்தை கட்டிய ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ் புயலும், அந்தப் புண் ஆறுவதற்குள் பிப்ரவரி இறுதியில் கரோல் புயலும் மொரிசியசைத் தாக்கின. கரோலின்போது காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. மரப்பலகையாலும் தகரத்தாலும் கட்டிய வீடுகளும், கரும்புச் சோகை வேய்ந்த குடிசைகளும் ஊர் ஊராகச் சரிந்தன. அதன் பிறகுதான் இந்தத் தீவு மனப்பூர்வமாகக் கான்கிரீட்டுக்கு மாறியது. அரசு வரிசை வரிசையாகக் கான்கிரீட் குடியிருப்புகளை எழுப்பியது. கிராமங்களில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்தவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அக்காலத்தில் தளம் போடும் நாள் கல்யாண நாளைப் போன்றது. உறவினரும் அயலாரும் விடியற்காலையிலேயே வந்து வரிசையாக நின்று, கலவையை வாளி வாளியாகக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பு விழுந்து பின்னாளில் நீர் கசியும் என்பதால், தளம் முழுவதும் நிரம்பிய பிறகுதான் எல்லோருக்கும் சாப்பாடு. உங்கள் வீட்டுக் கூரையும் அப்படித்தான் எழுந்திருக்கும். 1975ஆம் ஆண்டு ஜெர்வேஸ் புயலில் காற்று மணிக்கு 280 கிலோமீட்டரைத் தொட்டபோது அந்த வீட்டுக்கு வயது பதினொன்று. அந்தச் சோதனையைத் தாங்கிய அடித்தளத்தையும் சுவர்களையும் இடித்துத் தள்ளுமுன் அண்ணன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, தரகர் எழுதிய "நவீனபாணி" என்ற சொல். அவர் அதை அழகுக்காகச் சேர்த்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு உங்கள் வீட்டில் உண்மையான பொருள் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெப்ப நாடுகளில் கட்டிய நவீனக் கட்டடக் கலைஞர்கள் பலரும் ஒரே சிக்கலோடுதான் மல்லுக்கட்டினார்கள்: கான்கிரீட் உறுதியானது, ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆகவே வெயில் சுவரில் படாமல் தடுக்கவும், காற்று வீட்டின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறவும் வழி செய்ய வேண்டும். சண்டிகரில் லெ கொர்புசியே 1950களில் கட்டிய கட்டடங்களின் ஆழமான வெயில்தடுப்புகள் இதற்காகத்தான். நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த கோல்கொண்டா என்ற விடுதியில், இரு நீண்ட பக்கங்களிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி மூடக்கூடிய தகடுகளே இருக்கின்றன. தகடுகளைச் சாய்த்து வைத்தால் வெயில் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். உங்கள் வீட்டு நாக்கோ சன்னலும் ஜாலிச் சுவரும் வாசல் மேல் நீண்ட தளமும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. உங்கள் ஊர் மேஸ்திரி அந்தப் பெயர்களையெல்லாம் கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவையில்லை. லா பூர்தொன்னே ஆளுநராக இருந்த 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிக் கைவினைஞர்கள் இந்தத் தீவுக்கு வந்து போர்ட் லூயிசை எழுப்பக் கை கொடுத்தார்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துச் சன்னல் வைக்கும் பழக்கம் இங்கே பழையது.

இந்தத் தீவில் வெயிலின் கணக்கை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. நாம் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஜூன் மாதத்தில் அதன் உயரம் ஏறத்தாழ 46 பாகை. அப்போது வடக்குச் சுவரில் 90 சென்டிமீட்டர் நீண்ட சன்ஷேடு இருந்தால் நண்பகலில் ஏறக்குறைய அதே அளவு நிழல் கீழே விழும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரையோ சூரியன் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும், சற்றுத் தெற்கே கூடச் சாயும். அதாவது கோடையில் வெயிலை வாங்குவது கூரைதான். கோடை இரவில் பத்து மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று கூரையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகலில் வாங்கிய சூட்டை அது அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். இந்தப் பாணி வீடுகளின் உண்மையான குறை இது ஒன்றுதான் என்பேன். அது தீர்க்கக்கூடிய குறை.

இப்போது அரிப்பைப் பற்றி. கூரையில் கம்பி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கான்கிரீட்டில் காரம் மிகுதி, அதன் பி.எச். அளவு 12க்கு மேல் இருக்கும்; அந்தக் காரத்துக்குள் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. ஆண்டுக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகப் புகக் காரம் குறைந்துகொண்டே வரும்; அது கம்பி வரை குறைந்துவிட்டால் துரு தொடங்கிவிடும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிப்பதால், மேலுள்ள சிமெண்டைத் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. கடலோர மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கலவைக்குக் காயல் மணலே, அதாவது பவளப் பொடியே, பயன்பட்டது. 2001ஆம் ஆண்டில்தான் காயலில் மணல் எடுப்பது தடை செய்யப்பட்டு, உடைத்த எரிமலைக் கல் மணல் அதன் இடத்துக்கு வந்தது. சரியாகக் கழுவாத காயல் மணலில் உப்பு இருக்கும். உப்பு, காரம் குறையாத கான்கிரீட்டிலும் கம்பியைத் தின்னும்.

ஆகவே முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து இரண்டு சோதனைகள் செய்யச் சொல்லுங்கள். ஒன்றை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம். தளத்தின் அடியில் ஓரிடத்தை உளியால் தட்டிப் புதிய முகத்தைத் திறந்து, பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் மிஞ்சியிருக்கும் இடம் சில நொடிகளில் செம்பருத்தி நிறத்தில் சிவக்கும். காரம் போன இடம் சாம்பல் நிறமாகவே இருக்கும். அந்த இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள கோடு கம்பிக்கு வெளியே இருக்கிறதா, கம்பியைத் தாண்டி உள்ளே போய்விட்டதா என்பதுதான் உங்கள் வீட்டின் ஜாதகம். மற்றொன்று, துளையிட்டு எடுத்த பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பி உப்பின் அளவைப் பார்ப்பது. முதல் சோதனை உப்பைக் காட்டாது என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. கூடவே, ஒரு சிறு சுத்தியலால் கூரையின் அடிப்பகுதி முழுவதையும் சாண் சாணாகத் தட்டிப் பார்த்து, டொக் டொக்கென்று வெற்றொலி கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைவிட அந்த வட்டங்கள் எப்போதும் அதிகமாகவே இருக்கும்.

சேதம் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் முறையாகச் செப்பனிடலாம். முறையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மஹேபூர் பக்கம் என் மாமனார் வீட்டில் இதே போன்ற கூரைக்கு, வந்த ஒப்பந்தக்காரர் துருவின் மேலேயே சிமெண்டுப் பூசிவிட்டுப் போனார். இரண்டு ஆண்டில் விழுந்தது. மறுபடியும் பூசினார்கள். மூன்றாம் முறை விழுந்தபோது, ஒரு முறம் அளவுள்ள துண்டு பேரக்குழந்தையின் படுக்கை மேல் விழுந்தது. குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். பொறியியல் படித்தவன் நான் அருகிலிருந்தும் முதல் முறையே தடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. கம்பியின் முன்பக்கத்தை மட்டுமின்றி அதன் பின்னாலும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வரை கொத்தி எடுத்து, துருவை இரும்பு மினுங்கும்வரை நீக்கி, மெலிந்துபோன கம்பியோடு புதிய கம்பியைச் சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்று உள்ள செப்பனிடும் கலவையால் நிரப்ப வேண்டும். இதில் ஒரு படியைத் தவிர்த்தாலும் செலவழித்த பணம் கீழே விழும். கொத்தும் நாட்களில் தளத்துக்கு அடியில் முட்டு கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் கம்பிகள் பரவலாகப் பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, உப்பு எங்கும் நிறைந்திருந்தாலோ, அந்தத் தளத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். அப்போதும் முழு வீட்டையும் இடிக்கத் தேவை வராமல் போகலாம். தளத்தை மட்டும் இறக்கிவிட்டு, சுவரும் அடித்தளமும் நன்றாக இருக்கும் பட்சத்தில் அவற்றின் மேல் புதுத் தளம் போடலாம். வாசலுக்கு மேலே தூண் இல்லாமல் நீண்டிருக்கும் பகுதியைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே பாரம் தாங்கும் கம்பி தளத்தின் மேல்புறத்தில் இருப்பதால், நீர் தேங்கினால் முதலில் அடிவாங்குவது அதுதான். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கூரை மேல் ஏறினால் இன்னொன்றையும் காண்பீர்கள் என்று நினைக்கிறேன்: மாடி கட்டும் நாளுக்காகத் தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகள். நம் ஊர் வீடுகள் பலவற்றில் அவை பிள்ளைகளின் கல்யாணத்துக்காகக் காத்திருக்கின்றன. உங்கள் தந்தையும் உங்களையோ அண்ணனையோ மனத்தில் வைத்துத்தான் அவற்றை விட்டிருப்பார். அவை அறுபது ஆண்டு மழையைத் தூணுக்குள் வழிகாட்டி இறக்கியிருக்கும். மாடி கட்டும் எண்ணம் இல்லையென்றால் அவற்றைத் தளமட்டத்துக்குக் கீழே வரை கொத்தி அறுத்து, பூசி மூடிவிடுங்கள். மாடி கட்டுவதென்றாலும் அந்தப் பழைய கம்பியை நம்பிக் கட்ட வேண்டாம்.

பணத்தை முதலில் கூரையில் போடுங்கள். நீர் வழிந்தோட 80க்கு 1 என்ற அளவிலாவது சரிவு, அதன் மேல் நீர்த்தடுப்புப் படலம், அந்தப் படலம் கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் உயரம் ஏறி முடிய வேண்டும். வேலை முடிந்ததும் குழாய்களை அடைத்து நீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகே பாக்கிப் பணம் கொடுங்கள். படலத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகையும், அது காற்றில் பறக்காதபடி கனமான சிமெண்டுப் பலகையும் பரப்பி, மேற்பரப்பு வெண்மையாக இருக்கும்படி செய்தால், நான் முன்பு சொன்ன இரவுச் சூடு பெருமளவு குறையும். சூரிய வெந்நீர்த் தொட்டிக்காகப் புதுப் படலத்தில் துளை போட யாரையும் அனுமதிக்காதீர்கள். அதற்கான மேடையை முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.

சன்னலைப் பற்றி ஒரு வேண்டுகோள். நாக்கோவைக் கழற்றிவிட்டு நகர்த்தும் அலுமினியக் கண்ணாடி போடச் சொல்வார்கள். நகர்த்தும் சன்னலில் எந்த நேரமும் பாதிதான் திறக்கும்; நாக்கோ ஏறக்குறைய முழுவதும் திறக்கும், தூறல் மழையிலும் சற்றுச் சாய்த்துத் திறந்து வைக்கலாம். புயல் மழையை அது தடுக்காது என்பது உண்மையே. அதற்கு வெளியே மரக்கதவோ இரும்புக் கதவோ பொருத்தி, மூன்றாம் புயல் எச்சரிக்கை வருமுன் மூடிவிட வேண்டும். ஜாலிச் சுவரையும் அடைக்காதீர்கள். சிவப்புத் தரையின் மேல் டைல் ஒட்ட வேண்டாம். பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்து, மெழுகு தடவிய தரையில் ஓர் அம்மா இடுப்பை அசைத்து அசைத்துத் தேய்ப்பதை நீங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள்; அப்படி ஏறிய மினுமினுப்பு டைலுக்கு வராது, நன்றாகக் கழுவி மெழுகிட்டால் இப்போதும் திரும்பி வரும். மின்கம்பிகளை மட்டும் முழுவதுமாக மாற்றிவிடுங்கள். 1964ஆம் ஆண்டின் கம்பியை இன்றைய கருவிகளுக்கு நம்பக் கூடாது.

எதையும் தொடங்குமுன், நீங்களும் அண்ணனும் நோட்டரியிடம் சென்று, வாரிசுப் பத்திரத்தையும் யார் என்ன செலவு செய்கிறார் என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொத்து பிரிக்கப்படாமல் இருக்கும்போது ஒருவர் பணம் போட்டுப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பேசுவது உடன்பிறப்புகளுக்குள் மனக்கசப்பையே தரும். கட்டமைப்பில் கை வைக்கும் வேலைகளுக்கு மாவட்ட மன்றத்தின் கட்டட, நில உபயோக அனுமதி பற்றியும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: 1960களில் கட்டிய குடியிருப்பு ஒன்றில் பலகைச் சுவர் வீடு வாங்கியிருக்கிறோம். இந்தப் பலகையில் கல்நார் இருக்கிறது என்கிறார்கள். நாங்களே உடைத்து எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், வக்வா

பதில்: உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். இங்கே இ.டி.சி. வீடுகள் என்று சொல்லப்படும் குடியிருப்புகளில் கல்நார் கலந்த பலகைகள் பயன்பட்டன. பலகை முழுதாக, வண்ணம் பூசிய நிலையில் இருக்கும்வரை அபாயம் குறைவு. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும், அதன் விளைவான நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். முதலில் அதிகாரிகளிடம் கேட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, நனைத்து, பொதிந்து அகற்றச் செய்யுங்கள். அதுவரை பலகையைப் பூச்சால் மூடிவைத்தால் போதும்.

கேள்வி: பழைய கான்கிரீட் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, திரியோலே

பதில்: சுவரின் இரு முனைகளிலும் தூணும், மேலே உத்திரமும் இருந்தால் பெரும்பாலும் எடுக்கலாம். தளம் நேரடியாகப் பிளாக் சுவரின் மேல் அமர்ந்திருந்தால், உத்திரம் போடாமல் எடுக்கவே கூடாது. தட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இதுவல்ல. பொறியாளர் பூச்சை ஓரிடத்தில் திறந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய தட்டைக்கூரை வீட்டில் சமையலறை வடமேற்கில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது அக்கினி மூலையான தென்கிழக்குக்கு மாற்ற வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்கிறார். மாற்றலாமா?
— ஒரு வாசகர், ரோஸ் பெல்

பதில்: உங்கள் நம்பிக்கையைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை, வீட்டில் மன நிம்மதியும் ஒரு தேவைதான். ஆனால் இந்தத் தீவின் காற்றை உங்கள் முன் வைக்க வேண்டியது என் கடமை. இங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. தென்கிழக்கு மூலையில் அடுப்பு வைத்தால், தாளிக்கும் மிளகாய்க் கமறலும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடம், படுக்கையறை எல்லாவற்றையும் கடந்துதான் வெளியே போகும். உங்கள் தாத்தா விறகடுப்புக் காலத்தில் கட்டியவர். புகை வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே வெளியேறட்டும் என்றுதான் காற்று கடைசியாகத் தொடும் மூலையில் சமையலறையை வைத்திருப்பார். அதை மாற்றினால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், புகைப்போக்கி மூன்றையும் பழைய தளத்தையும் சுவரையும் உடைத்து மாற்ற வேண்டிவரும். உடைத்த இடங்களில் புதுக் கசிவுக்கு வழி பிறக்கும். இப்போதைய சமையலறைக்குள்ளேயே அதன் தென்கிழக்கு மூலையில் அடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று வாஸ்து பார்ப்பவர்கள் பலரே மாற்று சொல்வதுண்டு. அதை உங்களவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டால், புகையை வெளியேற்றும் விசிறியை வடமேற்குச் சுவரில் பொருத்தி, எதிர்ப்புறச் சன்னலைத் திறந்தே வையுங்கள்.